பாட்டில்லாத வெளியீட்டு விழா

பலெர்மோ நகரத்தில் இதுவரை முப்பத்தொரு வெளியீட்டு விழாக்களுக்குத் தலைமை தாங்கியவர் சோதிலிங்கம். கவிதைப் புத்தகம் பதினாறு, பக்திப் பாடல் இறுவட்டு ஒன்பது, சமையல் குறிப்பு ஒன்று, மிச்சம் ஐந்தும் நினைவு மலர்கள். இவற்றில் ஒன்றையாவது அவர் வாசித்திருக்கிறாரா, கேட்டிருக்கிறாரா என்று யாரும் அவரிடம் விசாரித்ததில்லை. விசாரித்திருந்தால் மனிதர் திகைத்துப் போயிருப்பார். கல்யாண வீட்டுக்குப் போன ஒருவரிடம் மாப்பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்தீர்களா என்று கேட்கலாமா? விழா என்றால் விளக்கேற்ற வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும், முதற்பிரதியை யாராவது பெரிய மனிதர் குனிந்து வாங்க வேண்டும். புத்தகத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்பது எழுதினவரின் சொந்த விவகாரம்.

கிழமை நாட்களில் அவரைப் பார்த்தால் இந்தக் கம்பீரம் தெரியாது. பொலிதேயாமா நாடக அரங்கின் பக்கத்தில் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்துக்கு இருபத்தேழு வருடமாக அவர்தான் போர்த்தியேரே, அதாவது வாயிற்காவலர். வாசலோரம் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை அவருக்கு. கடிதம் பிரிப்பார், படிக்கட்டுக் கழுவுவார், மூன்றாம் மாடி சிஞ்ஞோரா, அந்த வீட்டு இத்தாலிய அம்மா, திறப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்து நின்றால் மாற்றுத் திறப்பு எடுத்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டு மேடையில் ஏறிவிட்டால் மட்டும் ஆளே வேறு. குரல்கூட அரை முழம் கீழே இறங்கிவிடும்.

இப்போது முப்பத்திரண்டாவது விழா வந்திருந்தது. அது சொந்த மருமகளின் விழா.

தங்கை செல்வமலரின் மகள் சிவானுஜா பிறந்ததும் பத்து வயதுவரை வளர்ந்ததும் இதே பலெர்மோவில், ஒரேத்தோப் பகுதியில், மாமன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. தாயும் மாமியும் சிஞ்ஞோராமார் வீடுகளில் வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதனால் பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளை நேரே மாமனின் கண்ணாடி அறைக்கு வந்துவிடும். அங்கேயே சாப்பாடு, அங்கேயே வீட்டுப்பாடம், அங்கேயே நித்திரை. பிறகு தகப்பனுக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. கிடைத்தவர்கள் எல்லோரும் செய்ததையே அவர்களும் செய்தார்கள்: பெட்டியைக் கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டார்கள்.

அது நடந்து பன்னிரண்டு வருடம். சிவானுஜா இப்போது நூஜா ஆகிவிட்டாள். கண்ணிமையில் வெள்ளிப் பூச்சுப் பூசிக்கொண்டு மேடையில் பாடுகிறாள். பதினொரு ஆங்கிலப் பாட்டுக்கள் கொண்ட அவளுடைய முதல் அல்பம் வருகிற வெள்ளிக்கிழமை உலகம் முழுக்க வெளியாக இருந்தது. இளம் பிரித்தானியப் பாடகி என்று அங்கத்தைய பத்திரிகைகள் எழுதின. அந்த இடம் வரும்போதெல்லாம் சோதிலிங்கம் பொறுமையாகத் திருத்துவார், அவை அப்படித்தான் எழுதுவினம், அவள் எங்கட ஒரேத்தோப் பிள்ளை என்று.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் தன் பாட்டுக்களை ஒரு லிங்காக மாமனுக்கு அனுப்பியிருந்தாள். எல்லாவற்றையும் கேளுங்கள், முக்கியமாக ஏழாவதைக் கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் மாற்றிவிடுகிறேன் என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தாள். சோதிலிங்கம் கண்ணாடி அறைக்குள் இருந்து முதலாவது பாட்டைத் தட்டினார். தகரத்தில் கல் விழுவது போலத் தாளம் ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி சிஞ்ஞோரா திறப்புக்கு வந்து நின்றாள். சத்தத்தை நிறுத்தினார், திறப்பை எடுத்துக் கொடுத்தார், வந்து இருந்து உடனே பதில் போட்டார்: அற்புதம் பிள்ளை, ஒண்டும் மாத்த வேண்டாம்.

அது பதினாறு கவிஞர்களுக்கும் அவர் அனுப்பிய அதே வசனந்தான். இதுவரை அதனால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

கேட்க வேண்டும் என்று நினைக்காமலும் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். தட்டப் போனால் அந்த வெள்ளிக் கண்ணிமைப் படம் வந்து நிற்கும். அது யாரோ ஒரு பெண்ணின் முகமாக இருக்கும். கண்ணாடி அறையில் வாய் திறந்தபடி நித்திரை கொண்ட பிள்ளையைத் தேடிவிட்டு போனை வைத்துவிடுவார். பாட்டுக் கேட்பதைவிட மண்டபம் பிடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. பிடித்தார்.

வெள்ளிக்கிழமை அட்டமி. அன்றைக்கு வெளியிட லண்டன் இசைக் கம்பெனிக்காரருக்குத் துணிவு இருக்கலாம், சோதிலிங்கத்துக்கு இல்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டி, அதற்கு முந்தின ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி, நாலரைக்கு இராகுகாலம் பிறக்குமுன் முதற்பிரதியைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். வீடியோ எடுக்கிற வேலையாகச் சிவானுஜா அந்த வாரம் பலெர்மோவுக்கு வருவதாகவும் இருந்தது. ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அவள் போனில் மெல்ல இழுத்தாள். வெள்ளிக்கு முன் ஒரு வரியைக்கூட எங்கேயும் போடக் கூடாதாம். ஒப்பந்தமாம். மீறினால் அவளை நீதிமன்றம்வரை இழுப்பார்களாம். பாட்டுப் போடாமல் எப்படி மாமா விழா வைப்பது, அடுத்த மாதம் வைப்போமா என்று கேட்டாள்.

“அதுக்கென்ன பிள்ளை,” என்றார் சோதிலிங்கம். “நாங்கள் ஒருநாளும் போடுறேல்லை.”

மறுமுனையில் அவள் கனநேரம் சிரித்தாள். எதற்கென்று அவருக்குப் பிடிபடவில்லை. பிள்ளைக்குச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பாட்டுக்கள் இணையத்தில் மட்டுந்தான் வருகின்றன, இறுவட்டு அடிப்பது பிறகு பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வெளியிடக் கையில் ஒன்றும் இல்லை. இதெல்லாம் சோதிலிங்கத்துக்கு ஒரு பொருட்டா? ஒருமுறை சென்னையிலிருந்து கவிதைப் புத்தகம் வந்து சேராதபோது, வெள்ளைத் தாளை அளவாக வெட்டி, பொன்னிறக் கடதாசியால் சுற்றி, முதற்பிரதி இரண்டாம் பிரதி என்று ஏழு பேருக்குக் கொடுத்தவர் அவர். ஏழு பேரில் ஒருவர்கூட இன்றுவரை வந்து குறை சொல்லவில்லை. இந்தத் தடவை வெறுந்தட்டு ஒன்றை வாங்கினார். போட்டோக்கொப்பிக் கடையில் மருமகளின் படத்தை நிறத்தில் அடித்து உறைக்குள் செருகினார். சிவப்பு நாடாவால் கட்டினார். வெள்ளிக் கண்ணிமை கொஞ்சம் பச்சையாக வந்துவிட்டது, மற்றபடி குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கே அவர் ஒரேத்தோ கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டார். கத்தோலிக்கக் கோயிலின் மண்டபந்தான். சுவரில் புனிதர் படம், கீழே குத்துவிளக்கு, இரண்டுக்கும் பலநாள் பழக்கம். கதிரைகளை வரிசைப்படுத்திக்கொண்டு நிற்கும்போது சிவானுஜா வந்தாள். முழங்கால் கிழிந்த காற்சட்டை, தலைமயிரில் ஒரு பக்கம் மட்டும் நீலம். நேரே வந்து மாமனின் இரண்டு கைகளையும் பிடித்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

“அல்லோரா, சரி மாமா,” என்றாள். அவளுடைய தமிழ் இன்னும் பலெர்மோத் தெருவின் இழுப்போடுதான் இருந்தது. “கடைசியா ஒருக்கா கேட்கிறன். ஏழாவது பாட்டு உங்களுக்கு ஓகேதானே? இண்டைக்கு நாலரை மட்டும் டைம் இருக்கு. வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் எடுப்பிக்கிறன்.”

லண்டனில் ஒருவர் ஞாயிறென்றும் பாராமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் அதற்காகக் காத்திருக்கிறாராம். அவள் சரி என்றால் பாட்டு அப்படியே போகும், இல்லை என்றால் போகாது.

ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடம், சோதிலிங்கம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் இன்னும் கேட்கேல்லை பிள்ளை என்று நாலு சொல். ஆனால் இரண்டு மாதமாக அற்புதம் என்று சொல்லித் திரிந்த வாய் அவ்வளவு சீக்கிரம் திரும்புமா?

“எல்லாத்திலயும் எனக்கு ஏழாவதுதான் பிடிச்சது,” என்றார்.

சிவானுஜா அவரைக் கட்டிப்பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கோட்டின் தோளில் ஈரம் பட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விழா முடியுமுன் மனம் மாறினாலும் பரவாயில்லை, கண்ணைக் காட்டுங்கள் போதும் என்று சொல்லிவிட்டு, மாமி கொண்டுவந்த சீலையைக் கட்டிக்கொள்ளப் போய்விட்டாள்.

சோதிலிங்கம் கோட்டின் தோளைத் தடவிப் பார்த்தார். ஒரு பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தால் ஏன் ஒரு பிள்ளை அழ வேண்டும்?

விக்னராஜாவைத் தேடிப் போனார். விக்னராஜா ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வாத்தியார், எல்லா விழாவிலும் ஆய்வுரை அவருடையதுதான். பின்வரிசையில் இருந்து தன் நாலு பக்கத்தையும் வாய்க்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது பாட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று சோதிலிங்கம் கேட்டார். அதில் புலம்பெயர்ந்த ஒரு தலைமுறையின் ஓலம் ஒலிப்பதாக எழுதியிருக்கிறேன் என்றார் விக்னராஜா. கேட்டீர்களா என்று சோதிலிங்கம் கேட்டார். விக்னராஜா கண்ணாடியைக் கழற்றி அவரை மேலும் கீழும் பார்த்தார். இருபது வருடச் சிநேகிதத்தில் இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. சரி, மன்னிச்சுக்கொள்ளும் என்று சோதிலிங்கம் நகர்ந்துவிட்டார்.

மண்டபத்துக் குசினியில் மனைவி குகனேஸ்வரி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டு என்ன பிரயோசனம், ஆங்கிலமும் தெரியாது, விழாக்களில் சுவாரசியமும் கிடையாது என்ற நினைப்போடுதான் அவர் உள்ளே போனார். தண்ணீர் குடிக்க வந்தவர் போல, பிள்ளை ஏழாவது பாட்டு ஏழாவது பாட்டு என்று நிற்கிறாள், அதில் என்னதான் இருக்கிறதோ என்று காற்றோடு சொன்னார்.

குகனேஸ்வரி எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “அதிலதானே நீங்கள் அழுவியள்.”

சோதிலிங்கம் தண்ணீர்ப் போத்தலை வைத்தார். அவள் அந்தப் பதினொரு பாட்டுக்களையும் இரண்டு மாதமாகத் தினமும் கேட்டு வருகிறாளாம். இவருடைய போனிலிருந்து தன்னுடையதற்கு அனுப்பிக்கொண்டு, சிஞ்ஞோரா வீட்டில் உடுப்பு அழுத்தும்போது காதில் மாட்டிக்கொண்டால் ஒரு கூடை உடுப்பு முடிய அல்பமும் முடியும் என்றாள். ஆங்கிலம் விளங்கவில்லை, ஆனால் மூன்றாவது பாட்டு நல்லது, ஒன்பதாவது கொஞ்சம் இரைச்சல். ஏழாவதின் தொடக்கத்தில் மட்டும் தமிழ் வருகிறது, அது சோதிலிங்கத்தின் குரல். அவர்கள் லண்டனுக்குப் போன அடுத்த வாரம் மலரின் போனுக்கு அவர் அனுப்பினது.

“நான் எப்ப அழுதனான்?” என்றார் சோதிலிங்கம். அதட்டலாகச் சொல்ல நினைத்தது அரைக் குரலில் வந்தது.

“கண்ணாடி அறைக்குள்ள. நான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தனான். கதவைத் திறக்காமல் திரும்பிப் போனனான்.” ரோல்ஸைப் பிரட்டிப் போட்டாள். “நீங்கள் கேட்டுப்போட்டுத்தான் சம்மதிச்சனீங்களெண்டு நினைச்சன். உங்களுக்கு இவ்வளவு தைரியம் எங்கயிருந்து வந்ததெண்டு யோசிச்சனான்.”

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். செல்வமலர் குடும்பத்துக்கு இதே மண்டபத்தில்தான் பிரியாவிடை நடந்தது, தலைமை சோதிலிங்கம். முன்னேறிப் போகிறவர்களைப் பார்த்துக் கலங்குவது கோழைத்தனம், என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்று அன்றைக்கு அவர் முழங்கினார். சனம் கைதட்டியது. அந்தப் பேச்சைப் பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு பிரியாவிடையிலும் அவர் எடுத்து விடுகிறார். குடும்பம் குடும்பமாக லண்டனுக்குப் போன ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பலெர்மோத் தமிழருக்கு அவர் கண்ணில் தண்ணீர் வராத மனிதர், அதுதான் அவருடைய பெயர்.

அந்தப் பெயர் வெள்ளிக்கிழமை போய்விடும். இப்போதே ஓடிப்போய் வேண்டாம் என்றால் மிஞ்சும். ஆனால் வேண்டாம் என்றால் இரண்டு மாதமாகச் சொன்னது பொய் என்றும் தெரிந்துவிடும்.

குகனேஸ்வரியின் போனையும் காதுக் கம்பியையும் வாங்கிக்கொண்டு, பிளாஸ்ரிக் கதிரைகள் அடுக்கிய களஞ்சிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஏழாவதைத் தட்டினார்.

முதலில் மழைச் சத்தம். பிறகு ஒரு மனிதன் கதைத்தான். மேடைக் குரல் இல்லை. அந்தக் குரலைச் சோதிலிங்கத்துக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

“மலர், அண்ணன் கதைக்கிறன். ஒண்டுமில்லை, சும்மாதான். இஞ்சை மழை. பிள்ளையின்ர சப்பாத்து ஒரு சோடி இஞ்சை கிடக்கு, அனுப்பவோ எண்டு கேட்கத்தான். இப்ப அளவில்லாமல் போயிருக்கும், என்ன? நாலு மணிக்கு வாசல் கதவுச் சத்தம் கேட்டால் எழும்பிறன். எழும்பிப் பார்த்தால் வேற ஆரோ. சரி, வைக்கிறன்.”

வைக்கவில்லை. அந்த நாட்களில் குரல் அனுப்புவதென்றால் விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும். எடுக்க மறந்து அழுத்தியபடியே அந்த மனிதன் அழுதான். சின்ன அழுகை இல்லை. மூச்சு வாங்கி, நிறுத்தப் பார்த்து, நிறுத்த முடியாமல், திரும்ப அழுதான். அதற்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய இசை எழும்பியது, சிவானுஜா பாடத் தொடங்கினாள். சோதிலிங்கம் கம்பியைக் காதிலிருந்து பிடுங்கினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

அந்தச் செய்திக்கு லண்டனிலிருந்து பதில் வரவில்லை. மறுவாரம் மலர் போன் எடுத்து வீட்டு வாடகை, குளிர், பள்ளிக்கூடம் என்று எல்லாம் கதைத்தாள், இதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காமலே இருந்து, அப்படி ஒன்றை அனுப்பவில்லை என்று தன்னை நம்பவைத்துவிட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது முடிவு எடுத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவது. காதில் இரகசியமாகச் சொன்னால் போதும். ஆனால் வெளியே மணி மூன்றாகி, மண்டபம் நிறைந்து, நேரம் தவறாத தலைவர் எங்கே என்று நூற்றிருபது பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். நல்ல நேரத்தை அவரே குறித்தார், அவரே பிந்தலாமா? விளக்கேற்றினார்கள். மேடையில் சிவானுஜாவுக்கும் அவருக்கும் நடுவில் விக்னராஜா தன் நாலு பக்கத்தோடு மலை மாதிரி இருந்தார். சோதிலிங்கம் ஒருமுறை முன்னால் சாய்ந்து பார்த்தார், ஒருமுறை பின்னால் சாய்ந்து பார்த்தார். விக்னராஜா இரண்டு தரமும் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் காதைக் கொடுத்தார்.

பிறகு விக்னராஜா கதிரையை விட்டு விலகாமல், அதன் முன்னாலேயே எழுந்து நின்று ஆய்ந்தார். ஐம்பத்தைந்து நிமிடம் ஆய்ந்தார். யாரும் கேட்டிராத பதினொரு பாட்டுக்களை, கேட்டிராத ஒருவர், கேட்கத் தடை செய்யப்பட்ட சபைக்கு விளக்கினார். சபை ஆங்காங்கே கைதட்டியது. ஏழாவதில் ஒலிக்கும் ஓலத்துக்கு வந்தபோது சிவானுஜா நிமிர்ந்து பார்த்தாள், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். சிரிக்கிறாளோ என்னவோ, சீலைத் தலைப்பு மறைத்துவிட்டது.

நாலே கால் தாண்டியதும் விக்னராஜாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டுக் கடதாசி வந்தது. தமிழை இத்தாலிய எழுத்தில் எழுதியிருந்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. மாமா, லண்டன் கடைசியாகக் கேட்கிறது, ஓகேதானே, உங்களுக்குக் கஷ்டமென்றால் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

சோதிலிங்கம் அதை இரண்டு தரம் எழுத்துக் கூட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினால் முடிந்தது. எடுத்துவிடுவாள், முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இந்த மேடையிலேயே சிரித்துக்கொண்டு இருப்பாள். சின்ன வயதிலும் அப்படித்தான், கண்ணாடி அறையில் பசித்தாலும் கேட்க மாட்டாள். அந்தப் பிள்ளையின் பாட்டை எடுக்கச் சொல்ல இவருக்கு என்ன உரிமை இருக்கிறது, இரண்டு மாதம் ஒரு தரங்கூடக் காது கொடுக்காத மனிதருக்கு? வெட்கமாக இருந்தது. தன்னுடைய அழுகையை நினைத்து வந்த வெட்கத்தைவிட இது பெரிதாக இருந்தது.

அடுத்து தலைவர் பேசுவார் என்றார்கள். ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றார். சபைக்கு வணக்கம் சொன்னார். தமிழன்னையின் பாதங்களில் தொடங்கி வழக்கமான வழியில் நாலு வசனம் போனார். ஐந்தாவது வரவில்லை. கோட்டுப் பையிலிருந்த பேச்சை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

“நான் பிள்ளையின்ர பாட்டைக் கேட்கேல்லை,” என்றார்.

சனம் ஏதோ அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக் காத்திருந்தது.

“இரண்டு மாசத்துக்கு முதல் அனுப்பினவள். நான் கேட்காமலே அற்புதம் எண்டு சொன்னனான். இண்டைக்குத்தான், இந்த விழா தொடங்க முதல், களஞ்சிய அறைக்குள்ள இருந்து ஏழாவது பாட்டைக் கேட்டனான். வெள்ளிக்கிழமை நீங்கள் எல்லாரும் கேட்பியள். அதில ஒரு ஆம்பிளை விக்கி விக்கி அழுவான். ஆரெண்டு தெரியாமல் வாய்க்கு வந்ததெல்லாம் கதைக்க வேண்டாம். அது நான்தான். பிள்ளை போன அடுத்த கிழமை. இந்த மேடையில நிண்டு உங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய்.”

விக்னராஜா பேனையை எடுத்துத் தன் மூன்றாம் பக்கத்தில் ஏதோ வெட்டினார். குசினி வாசலில் குகனேஸ்வரி கையில் மாவோடு நின்றாள்.

“அதை எடுக்க வேண்டாம்,” என்று சோதிலிங்கம் மருமகளைப் பார்த்துச் சொன்னார். “எடுத்தியெண்டால் நான் உன்னோட கதைக்கமாட்டன்.”

அவ்வளவுதான் தலைமையுரை. மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கைதட்டுவதா இல்லையா என்று சனத்துக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள், அது வரிசை வரிசையாகப் பின்னுக்குப் பரவியது. பிரியாவிடை கொடுக்காத வீடு அந்த மண்டபத்தில் ஒன்றுமில்லை. வெறுந்தட்டின் முதற்பிரதியை நாலு இருபத்தெட்டுக்குக் கோயில் பாதிரியார் குனிந்து வாங்கினார், வாங்கி ஆசீர்வதிக்கவும் செய்தார்.

அதற்குள் சிவானுஜா விக்னராஜாவை எழுப்பிவிட்டு நடுக்கதிரைக்கு வந்திருந்தாள். போனில் லண்டனுக்கு ஒரு சொல் தட்டி அனுப்பினாள். பிறகு மாமனின் பக்கம் திரும்பினாள்.

“முழுக்கக் கேட்டனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை. நீ பாடத் தொடங்க நிப்பாட்டிப்போட்டன். கேட்கேலாமல் போச்சு.” அவள் பக்கம் குனிந்தார். “அதுக்குப் பிறகு நீ என்ன பாடுறாய்?”

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒப்பந்தத்தில் போடக்கூடாது என்றுதான் இருந்தது. காதுக்குள் பாடுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. மாமனின் காதோடு வாயை வைத்து நாலு வரி பாடினாள், மூச்சைப் போல அவ்வளவு மெதுவாக. சோதிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒன்றையும் விட்டுவிடாமல் கேட்டார்.

“தமிழில சொல்லு,” என்றார்.

“உங்களுக்குப் பதில் சொல்லுறன், மாமா. அம்மாவின்ர போனை எடுத்து நான் ஒவ்வொரு நாளும் உங்கட மெசேஜைக் கேட்டனான். நானும் இஞ்சை லண்டனில அழுதுகொண்டுதான் இருக்கிறன் எண்டு சொல்ல, எனக்கெண்டு அப்ப ஒரு போன் இருக்கேல்லை.”

நன்றியுரை தொடங்கியிருந்தது. யாருக்கெல்லாம் நன்றி சொல்கிறார்கள் என்று சோதிலிங்கம் கவனிக்கவில்லை. மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நூற்றிருபது பேரும் பார்த்திருக்க, மேடையில் இருந்து அழுதார்.